சுவாச முனை

மாநகரக் காற்றுத் தூய்மை ஆணையத்தில் மொத்தம் நூற்று நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் காற்றோடு நேரடியாகத் தொடர்புள்ளவர் உபைத் ஒருவர்தான். மற்ற நூற்று முப்பத்தொன்பது பேருக்கும் ஏ.சி. இருக்கிறது.

தேனாம்பேட்டையிலிருந்து தி.நகருக்குத் திரும்பும் சிக்னல் ஒன்றில், பழைய வாசகசாலைக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆணையத்தின் மெஷின் நிற்கிறது. ஒரு நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருப்பது அதன் தொழில். அதன் வாய்க்குள் சின்ன அப்பளம் அளவுக்கு ஒரு வட்டமான பில்டர் தாள் வைக்க வேண்டும். வைக்கும்போது வெள்ளையாக இருக்கும். எடுக்கும்போது தோசைக்கல் மாதிரி இருக்கும். செவ்வாயும் வெள்ளியும் உபைத் மாடியேறிப் போய், பழைய பில்டரை எடுத்துக் கவரில் போட்டு, ஆணையத்தின் ஆய்வகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார். அவர்கள் எடை போட்டு, வெள்ளைத் தாளின் எடையைக் கழித்து, மீதியை ஒரு கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று எழுதுவார்கள். தி.நகர் மக்கள் அன்றைக்கு விழுங்கிய தூசியின் கணக்கு அதுதான்.

அறுபதுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பதினோரு வருடமாக நூறு, நூற்றுப் பத்து என்றுதான் வந்துகொண்டிருந்தது. ஆணையம் அந்த எண்ணை ஒரு பைலில் வைக்கும். பைல் நிரம்பினால் புது பைல் வாங்கும். காற்றுத் தூய்மைக்காக ஆணையம் எடுத்துவந்த நடவடிக்கை அதுவரை அவ்வளவுதான்.

அசல் பில்டரோடு இன்னொரு வெள்ளை பில்டரும் துணைக்குப் போகும். அதற்கு வெற்றுத் தாள் என்று பெயர். அதை மெஷினில் வைக்கக் கூடாது. கவரோடு மாடிக்குக் கொண்டுபோய், அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டும். போகிற வழியில், வருகிற வழியில், கை பட்டு ஏதாவது அழுக்கு ஏறுகிறதா என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. மண்டபம் வரை வந்துவிட்டுத் தாலி கட்டாமல் திரும்பிப் போகிற மாப்பிள்ளை என்று உபைத் அதை நினைத்துக்கொள்வார்.

கீழே சிக்னல் ஓரத்தில் பச்சையம்மாவின் வறுத்த மீன் கடை. கடை என்றால் ஒரு தள்ளுவண்டி, ஒரு கேஸ் அடுப்பு, ஒரு வாணலி, இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். நொச்சிக்குப்பத்திலிருந்து வந்து பத்தொன்பது வருடமாக அங்கே நெத்திலியும் மத்தியும் வறுக்கிறாள். உபைத்துக்கு மதியச் சாப்பாட்டோடு அவளிடம்தான் மீன். இரண்டு வருடமாக அவளுக்கு வீசிங். இடுப்பில் சுருக்குப் பைக்குப் பக்கத்தில் மருந்து உறிஞ்சும் நீலக் குழல் ஒன்று செருகியிருக்கும். சிக்னல் பச்சை விழுந்து இருநூறு பைக்குகள் ஒரே நேரத்தில் முறுக்கும்போது, அவள் ஒரு கையால் மீனைத் திருப்பிக்கொண்டே மறு கையால் குழலை எடுப்பாள்.

"புகையை விட்டுத் தள்ளி இரும்மா" என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாற்பதடி உள்ளே, வெங்கு நாயக்கர் தெருவில் ஒரு புங்க மரத்தடி காலியாக இருந்தது. வண்டியை அங்கே மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டு ஒரு மனு போட வேண்டும். அந்த மனுவை எழுதிக் கொடுத்தது உபைத்தான். உடல்நலக் காரணம் என்று எழுதியதால், மாநகராட்சியில் கடைகளுக்கு இடம் ஒதுக்குகிறவர்கள் அதைக் காற்றுத் தூய்மை ஆணையத்தின் கருத்துக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே அது எந்த எண்ணைப் பார்த்து முடிவாகும் என்பதும் உபைத்துக்குத் தெரியும். இந்த வார எண்ணைப் பார்த்து.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் மாடியிலிருந்து இறங்கி வந்து, இரண்டு கவரையும் மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அசல் கவரின் வாய் சரியாக ஒட்டவில்லை. பிரித்து ஒட்டலாம் என்று பில்டரை வெளியே எடுத்த நேரத்தில் பச்சையம்மா நெத்திலியை வாணலியில் கொட்டினாள். எண்ணெய் தெறித்தது.

"இன்னா பாய், அதும் மேல பட்ச்சா?"

"பட்டுட்ச்சுக்கா."

"குடு, தொட்ச்சித் தரேன்."

அவர் வேண்டாம் என்பதற்குள் முந்தானையால் துடைத்துவிட்டாள். பதினோரு வருடத்தில் தி.நகரை யாரும் அவ்வளவு சுத்தமாகத் துடைத்ததில்லை. பாதி கறுப்பு அவள் முந்தானைக்குப் போயிற்று. மீதி எண்ணெயோடு குழைந்து நின்றது.

உபைத் அந்த பில்டரை அவசரமாகப் பைக்குள் போட்டார். வருடத்தில் மூன்று பில்டர் பாழானால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. அந்த வருடம் ஏற்கெனவே இரண்டு போயிருந்தன. ஒன்றின் மேல் காக்கா எச்சமிட்டது. இன்னொன்று மழையில் நனைந்தது. இரண்டுக்கும் அவரிடம் விளக்கம் கேட்டார்கள். காக்காவிடமும் மழையிடமும் கேட்கவில்லை.

உபைத் கெட்டவர் இல்லை. வேலைக்குப் பயந்தவர். பயந்தவர் செய்வதைச் செய்தார். வெற்றுத் தாளை எடுத்து அசல் கவரில் போட்டார். பையில் உபரியாக இருந்த இன்னொரு வெள்ளையை வெற்றுத் தாள் கவரில் போட்டார். பதினோரு வருடமாக யாரும் பார்க்காத பைலை இந்த வாரம் மட்டும் யார் பார்க்கப் போகிறார்கள் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பச்சையம்மாவின் மனு ஞாபகத்துக்கு வந்தது. வராத மாதிரி இருந்துகொண்டார். மீன் கசந்தது.

ஆய்வகத்தில் எடை போட்டார்கள். மூன்று மைக்ரோகிராம் என்று வந்தது. அந்த மூன்றும் உபைத்தின் விரல் அழுக்காக இருக்கலாம்.

வியாழக்கிழமை காலை ஆணையத்தின் இயக்குநர் அய்யாதுரை எல்லோரையும் கூட்ட அரங்குக்கு வரச் சொன்னார். அவர் காற்றைப் பற்றி மூன்று நாடுகளில் பேசியவர். எந்த நாட்டிலும் ஜன்னலைத் திறந்ததில்லை.

"நூற்றுப் பத்திலிருந்து மூன்று" என்றார் அவர், குரல் தழுதழுக்க. "உலகத்தில் எந்த மாநகரமும் இதைச் செய்ததில்லை. நாம் செய்திருக்கிறோம். என்ன செய்தோம் என்பது எனக்குத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க இன்றே ஒரு குழு அமைக்கிறேன்."

குழு நான்கே நாளில் கண்டுபிடித்தது. சாலை நடுவில் வைத்த ஆறு பூந்தொட்டிகளால்தான் என்றார் தோட்டப் பிரிவு அதிகாரி. தொட்டிகளில் செடி இருந்ததா என்று கேட்டதற்கு, அது இரண்டாம் கட்டம் என்றார். விழிப்புணர்வுப் பிரிவு அதிகாரி, தான் ஒட்டிய போஸ்டரைப் படித்துவிட்டுத் தூசி குறைந்ததாகச் சொன்னார். கடைசியில் எல்லாருடைய பெயரும் இருக்கிற மாதிரி ஓர் அறிக்கை தயாரானது. அதில் உபைத்தின் பெயர் மட்டும் இல்லை. அவருக்கு அதில் ஒரு நிமிடம் நிம்மதிகூட வந்தது.

அடுத்த வாரம் அந்தச் சிக்னலுக்கு 'சுவாச முனை' என்று பெயர் வைத்துப் பலகை நட்டார்கள். மக்கள் உட்கார்ந்து மூச்சு விட நான்கு சிமென்ட் பெஞ்சு போட்டார்கள். திறப்பு விழாவில் ரிப்பன் கிடையாது. அதற்குப் பதிலாக இயக்குநர் முதல் மூச்சை இழுப்பார் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. அவர் கண்ணை மூடி, கையை விரித்து, நெஞ்சு நிறைய இழுத்தார். அதே நேரம் சிக்னல் பச்சை விழுந்தது. இருமல் தொடங்கி ஐந்து நிமிடம் நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வடிய மைக்கைப் பிடித்தார்.

"அழுக்குக் காற்றுக்கே பழகிய நுரையீரல் இது" என்றார். "திடீரென்று சுத்தமான காற்று உள்ளே போனால் இப்படித்தான் தடுமாறும். நீங்களும் இருமினால் பயப்படாதீர்கள். அது நல்ல அறிகுறி."

எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் இருமினார்கள். பச்சையம்மாவும் கூட்டத்தின் ஓரத்தில் நின்று இருமினாள். அவளுக்கு இரண்டு வருடமாகவே அந்த நல்ல அறிகுறி இருந்தது என்பது யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் அவள் ஒரு கடிதத்தை உபைத்திடம் நீட்டினாள். "மனுவுக்குப் பதிலு வந்துகீது பாய். படிச்சி சொல்லு."

உபைத் மனதுக்குள் ஒரு முறை படித்தார். பிறகு சத்தமாகப் படிக்க வேண்டியிருந்தது. "தாங்கள் தற்போது வியாபாரம் செய்யும் இடம், ஆணையத்தின் அளவீட்டின்படி மாநகரிலேயே மிகத் தூய்மையான காற்று உள்ள இடமாகும். தாங்கள் கோரும் வெங்கு நாயக்கர் தெருவில் அளவீடு செய்யப்படவில்லை. அளவிடப்படாத காற்றுக்குள் ஒரு நோயாளியை அனுப்ப விதிகளில் இடமில்லை. தங்கள் உடல்நலம் கருதி மனு நிராகரிக்கப்படுகிறது."

பச்சையம்மா அடுப்பைத் தணித்தாள். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"மெஷினு அப்டியா சொல்லிச்சு?" என்றாள். "அப்ப எனுக்குத்தான் ஒடம்பு சரியில்லபோல. நான் புகைனு நெனச்சிக்கினு இருந்தேன்."

உபைத்துக்கு அந்த வார்த்தை நெஞ்சில் குத்தியது. அவள் தன் மூச்சை நம்பாமல் அவருடைய மெஷினை நம்பினாள். அந்த இடத்திலேயே சொல்லிவிட நாக்கு வரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, "மறுபடி ஒரு மனு போடலாம்க்கா" என்றார். தன்னைப் போல ஒரு ஈனப்பிறவி இந்தச் சிக்னலில் வேறு யாரும் நிற்கவில்லை என்று அவருக்குத் தோன்றியது.

விழா முடியும்வரை மெஷினை நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தார்கள். மறுபடி ஓட்டிய பிறகு, அடுத்த செவ்வாய் அவர் மெஷினில் இருந்த கறுப்பு பில்டரை அப்படியே, கவனமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். உண்மையான எண் வந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பினார். நூற்றுப் பதினெட்டு வந்தது. சாயங்காலமே அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. "மூன்றாக இருந்த காற்று தங்கள் பொறுப்பில் இருக்கும்போது நூற்றுப் பதினெட்டாக மாறியது எப்படி?"

விசாரிக்க ஜவஹர் என்ற பொறியாளர் வந்தார். கணக்கு அவருக்கு எளிதாக இருந்தது. இந்த இடத்தின் இயற்கையான காற்று மூன்று. இப்போது நூற்றுப் பதினெட்டு. அப்படியானால் நூற்றுப் பதினைந்து மைக்ரோகிராமை யாரோ புதிதாகக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அது யார் என்று பார்க்க வேண்டும்.

அவர் காலையிலிருந்து மதியம் வரை சிக்னலில் வண்டிகளை நிறுத்திப் புகைச் சான்றிதழைப் பார்த்தார். எல்லா வண்டியிலும் இருந்தது. பின்னால் நின்ற ஆட்டோவே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கரும்புகை விட்ட மினி லாரியிலும் இருந்தது. இன்ஜினைக் கழற்றிவிட்டுக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போன ஒரு வேனுக்குக்கூட அந்த மாதத் தேதியில் இருந்தது. ஜவஹர் கடைசியாகப் பச்சையம்மாவிடம் வந்தார்.

"ஏம்மா, அடுப்புக்குச் சான்றிதழ் இருக்குதா?"

"அடுப்புக்கா? ரேஷன் கார்டுதான் சார் கீது."

அவர் குறித்துக்கொண்டார். சான்றிதழ் உள்ள புகை விதிப்படி மாசு ஆகாது என்றும், அந்த முனையில் சான்றிதழ் இல்லாமல் எரியும் பொருள் ஒன்றே ஒன்றுதான் என்றும் அறிக்கை கொடுத்தார். சுவாச முனையின் காற்றைப் பாதுகாக்கக் கடையை ஏன் அகற்றக் கூடாது என்று பச்சையம்மாவுக்கு நோட்டீஸ் வந்தது. நாற்பதடி தள்ளிப்போக இடம் கேட்டவளுக்கு, நிற்கிற இடமும் இல்லை என்று ஆகிவிடும் போல இருந்தது.

அன்றிரவு உபைத் சாப்பிடவில்லை. மனைவி ஷம்ஷாத் என்னவென்று குடைந்து கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "ஆபீஸ் எங்கயும் ஓடிடாது. மொதல்ல அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க."

நல்ல யோசனை. உபைத் காலையில் எழுந்து ஆபீசுக்குப் போனார். பச்சையம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட இயக்குநரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது சுலபமாக இருந்தது.

அய்யாதுரை பொறுமையாகக் கேட்டார். எண்ணெய் தெறித்தது, தாளை மாற்றியது, பயம், எல்லாம். கேட்டு முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். ஜன்னலில் திரை போட்டிருந்தது.

"எத்தனை நாள் ஆச்சு?"

"முப்பத்தி நாலு நாள் சார்."

"களத்துல நடந்த தப்பை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள படிவத்துல எழுதிக் குடுக்கணும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

"அதுக்குள்ள வந்தா அது தப்பு. அதுக்கப்புறம் வந்தா அது தரவு. தரவைத் திருத்த எனக்கே அதிகாரம் கிடையாது, உபைத். அந்த மூணை வெச்சு நான் டெல்லிக்கு அனுப்பிட்டேன். அதை வெச்சு அடுத்த வருஷ இலக்கு ரெண்டுன்னு போட்டாச்சு. இப்ப நீங்க வந்து நூத்திப் பத்துன்னா, நான் எந்த முகத்தோட ரெண்டுக்குப் போறது?"

"அந்தம்மா கடை போயிடும் சார்."

"அதுக்குத்தான் விசாரணை வெச்சிருக்கோமே. அங்க வந்து சொல்லுங்க. நாங்க யாரையும் கேக்காம எதையும் செய்றதில்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்களை மாதிரி மனசாட்சி உள்ளவங்க இங்க குறைவு. உங்க ஒப்பந்தத்தை நான் பாத்துக்கறேன்."

உபைத் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். தன் ஒப்பந்தத்தைப் பற்றித் தான் கேட்கவே இல்லை என்பதும், ஆனாலும் அந்தக் கடைசி வாக்கியம் காதில் விழுந்ததும் உடம்பு லேசானது என்பதும் மாடிப்படி இறங்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

விசாரணை ஆணையத்தின் கூட்ட அரங்கில் நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் அய்யாதுரை, ஜவஹர், குறிப்பெழுதும் ஓர் அம்மா. இந்தப் பக்கம் பச்சையம்மா. நல்ல சேலை கட்டி, தலை சீவி, நோட்டீசை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தாள். ஏ.சி. அறையில் அவளுக்கு மூச்சு நன்றாக வந்தது. அதையும் ஜவஹர் குறித்துக்கொண்டார்.

உபைத்தைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து நின்று, இந்த முறை எதையும் விழுங்காமல் சொன்னார். அந்தச் செவ்வாய் பில்டர் மேல் எண்ணெய் பட்டது. வேலை போய்விடும் என்று பயந்து வெள்ளைத் தாளை வைத்தேன். மூன்று என்பது பொய். அந்தச் சிக்னலில் காற்று என்றைக்கும் சுத்தமாக இருந்ததில்லை. அது வண்டிப் புகை. இந்த அக்காவுக்கு மூச்சு இரைப்பது அந்தப் புகையால்தான். தப்பு என்மேல்.

சொல்லும்போது அவர் அய்யாதுரையைப் பார்க்கவில்லை. பச்சையம்மாவைத்தான் பார்த்தார். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. மடித்த நோட்டீசை மட்டும் இன்னொரு மடிப்பு மடித்தாள்.

 அய்யாதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையாகவே நெகிழ்ந்துபோனவர் போலத்தான் இருந்தார்.

"மனசைத் தொறந்து பேசினீங்க. எழுதிக்கோங்கம்மா" என்று குறிப்பெழுதும் அம்மாவிடம் திரும்பி, நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். "மேற்படி கடையின் வாணலியிலிருந்து வெளிப்பட்ட எண்ணெய், ஆணையத்தின் பில்டர் மீது நேரடியாகப் படிந்ததைக் கண்ணால் கண்டதாகக் களப் பணியாளர் உபைத் தாமாகவே முன்வந்து வாக்குமூலம் அளித்துள்ளார். மேற்படி கடை ஒரு மாசு மூலம் என்பது இதனால் ஐயமற நிரூபணமாகிறது."

"சார், நான் சொன்னது அது இல்ல" என்றார் உபைத்.

"எண்ணெய் பட்டுச்சா, இல்லையா?"

"பட்டுச்சு சார்."

"எங்கிருந்து வந்துச்சு?"

உபைத் பதில் சொல்லவில்லை. சொல்லாததையும் எழுதிக்கொண்டார்கள்.

"தாளை மாத்தின விஷயம்?" என்று ஜவஹர் மெல்லக் கேட்டார்.

"அது அவரோட சொந்த விஷயம்" என்றார் அய்யாதுரை. "ஒருத்தரோட சொந்த விஷயத்தைக் கூட்டக் குறிப்புல போடற பழக்கம் இந்த ஆணையத்துல கிடையாது. கடைசியா ஒரு வரி சேத்துக்கோங்கம்மா. சாட்சியின் நேர்மையை ஆணையம் மனமாரப் பாராட்டுகிறது. அவருடைய ஒப்பந்தம் மேலும் மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்படுகிறது."

மறுநாள் காலை பத்து மணிக்கு வண்டியை எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு. உபைத் ஒன்பதுக்கே போய் நின்றார். பச்சையம்மா வாணலியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். அடுப்பும் சிலிண்டரும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றில் ஏறியிருந்தன. இரண்டு ஸ்டூலை உபைத் எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கி வைத்தாள்.

சுவாச முனையின் பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்து கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். சிக்னல் விழுந்தது. நான்கு பேரும் இருமினார்கள். பச்சையம்மா குழலை எடுத்து இரண்டு முறை இழுத்துவிட்டு, மூச்சு வாங்குவது அடங்கும்வரை வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மன்னிச்சிடுக்கா" என்றார் உபைத்.

"எண்ணெ தெறிச்சது என் கையால" என்றாள் அவள். "அன்னிக்கே என்னாண்ட சொல்லியிருந்தின்னா நானே உங்க ஆபீசுக்கு வந்து, தப்பு என்மேலன்னு சொல்லியிருப்பேன். அவுங்க கேட்டிருக்க மாட்டாங்க. அது வேற." அவள் குரலில் கோபம் இல்லை. கணக்குப் பார்க்கிறவள் மாதிரி யோசித்துச் சொன்னாள். "கேக்கலன்னா இன்னா பாய் ஆயிருக்கும்? ஒன் வேலை ஒண்ணுதானே போயிருக்கும்?"

மீன்பாடி வண்டி நகர்ந்தது. அவள் பின்னாலேயே நடந்து, பைக்குகளுக்கு நடுவே வழி கேட்டுக்கொண்டு, நொச்சிக்குப்பம் பக்கம் போனாள்.

அந்த வேலை உபைத்துக்கு இன்னும் இருக்கிறது.